வெண்ணெய் பிஸ்கட், நான்கு சனிக்கிழமைகள்: 10 வயதும் 6 வயதும் அடுப்படியில் கற்றவை

பின்னணி

மதுரையில் ஒரு மாடி வீடு. தாய், தந்தை, தந்தையின் தாய், 10 வயது மகள், 6 வயது மகன். மே மாத விடுமுறை. மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பின்னக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மகன் முதல் வகுப்பு முடித்தவன். எண்களை 100 வரை படிப்பான், எதற்கும் காத்திருக்க மாட்டான்.

வீட்டில் 28 லிட்டர், 1,600 வாட் ஓடிஜி ஓவன் ஒன்று இருந்தது. கேக் செய்ய வாங்கியது. பிறகு தட்டுகள் அடுக்கும் இடமாகிவிட்டது. பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து கொஞ்ச நேரமாவது பிரிக்க வேண்டும், மகளுக்குப் பின்னத்தில் பிடி கிடைக்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களோடு, சனிக்கிழமைதோறும் பிஸ்கட் சுடலாம் என்று தாய் முடிவு செய்தார். பிள்ளைகளின் அப்பத்தாவுக்கு இதில் விருப்பமில்லை. மைதாவும் வெண்ணெயும் பிள்ளைகளுக்கு எதற்கு, அதுவும் இந்த வெயிலில் என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி கடைசிவரை மதிப்போடு வைத்துக்கொள்ளப்பட்டது. நான்காவது தட்டு அதிலிருந்துதான் வந்தது.

மகள் எழுதிவந்த நோட்டையும் பெரியவர்கள் சொன்னதையும் கொண்டு இந்தப் பதிவு எழுதப்பட்டுள்ளது. அடையாளங்கள் விடப்பட்டுள்ளன.

முதல் தட்டு: எல்லாம் ஒன்றாகப் பரவியது

கைப்பேசியில் பார்த்த ஒரு செய்முறைப்படி ஆரம்பித்தார்கள். வெண்ணெய் 100 கிராம், மைதா 1¼ கப், பொடித்த சர்க்கரை ½ கப், ஆப்பசோடா ¼ தேக்கரண்டி. வெண்ணெய் 100 கிராம் கட்டியாகக் கடையில் வாங்கியது. கப் வீட்டில் இல்லாததால் காபி டம்ளரால் மைதாவையும் சர்க்கரையும் அளந்தார்கள். வெண்ணெயைக் காலை 10 மணிக்கே வெளியே எடுத்து வைத்துவிட்டு 11 மணிக்கு மாவு பிசைந்தார்கள். அதற்குள் கிண்ணத்தின் அடியில் எண்ணெயாக நின்றது. ஓவனைச் சூடாக்காமலே தட்டை உள்ளே வைத்தார்கள்.

15 நிமிடத்தில் 12 உருண்டைகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டு நிறைய ஒரே தகடாகிவிட்டன. ஓரம் கருகி, நடு வேகாமல் இருந்தது.

பிஸ்கட்டைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு. வேலையில் பெரும்பகுதியைத் தாய்தான் செய்தார். மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். மகனுக்குக் கிடைத்தது சர்க்கரை தூவும் வேலை மட்டும். இருவரும் கரண்டிக்குச் சண்டையிட்டார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் மகன் பச்சை மாவை இரண்டு விரலால் வழித்துத் தின்றான். ஓவனின் வயர் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகப்பட்டிருந்தது. பெட்டி தொடமுடியாத அளவுக்குச் சூடாகியிருந்தது.

ஏன் பரவியது என்பதற்கு வீட்டில் மூன்று விளக்கங்கள் கிளம்பின. ஓவன் கெட்டுப்போயிருக்கும் என்றார் தந்தை. “சோடா கூடிப்போச்சு” என்றார் அப்பத்தா. “வெண்ணெய் தண்ணியா இருந்துச்சுல்ல” என்றாள் மகள். தாய் மூன்றையும் நோட்டில் எழுதச் சொன்னார். இந்த நான்கு வாரங்களில் எடுத்த நல்ல முடிவுகளில் முதலாவது இதுதான். அதுவரை செய்முறையை ஒப்பித்துக்கொண்டிருந்த பெண், அந்த நிமிடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

இடையில் எடுத்த முடிவுகள்

முதலில் பாதுகாப்பு. 1,600 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்குக்கு அது மிகை. தந்தை ஓவனை 16 ஆம்பியர் சுவிட்சுக்கு மாற்றி, ஏன் மாற்றுகிறார் என்பதை மகளிடம் வகுத்தும் காட்டினார். ஓவனுக்கு முன்னால் இரண்டடி தள்ளி அப்பத்தா கோலப்பொடியால் ஒரு கோடு போட்டார். ஓவனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை மகன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சொல்லிச் சொல்லி நிற்காத பிள்ளை கோட்டுக்கு நின்றான்.

பச்சை மாவு தின்பதற்குத் தடை. முட்டை சேர்க்காத மாவில் என்ன கெடுதல் என்று தந்தையே கேட்டார். மைதா பச்சைத் தானியத்தை அரைத்தது. எந்தக் கட்டத்திலும் கிருமி சாகும் அளவுக்குச் சூடு காணாதது. அமெரிக்காவில் 2009-இல் கடையில் விற்ற பச்சை குக்கீ மாவாலும், 2016-இல் வெறும் கோதுமை மாவாலும் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்று பரவி, மாவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. முட்டை இல்லை என்பது போதிய காப்பல்ல.

அடுத்தது அளவு. 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினார்கள். மகள் முதலில் நிறுத்தது காபி டம்ளரைத்தான். டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, தண்ணீர் நிரப்பினாள். 160 காட்டியது. தண்ணீரில் கிராமும் மில்லிலிட்டரும் ஒன்று என்பதால் டம்ளர் 160 மில்லி. செய்முறையில் சொன்ன கப் 240 மில்லி. அன்று போட்டது போலவே 1¼ டம்ளர் மைதாவை நிறுத்தபோது 104 கிராம் வந்தது. உண்மையான கப்பாக இருந்தால் 155 கிராம் அளவில் வந்திருக்கும். சர்க்கரையும் அதே விகிதத்தில் குறைந்திருந்தது. வெண்ணெய் மட்டும் குறையவில்லை, ஏனென்றால் அது கிராமில் வந்தது. மாவும் வெண்ணெயும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டால் எந்த ஓவனிலும் பிஸ்கட் பரவத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்திருந்தால் பிழை வந்திருக்காது. ஒன்றை எடையிலும் மற்றவற்றைக் கொள்ளளவிலும் அளந்ததே கோளாறு.

மகள் சொன்ன காரணமும் சரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மதுரையின் மே மாத அடுப்படி அதைவிடச் சூடு. அப்பத்தா சொன்னதிலும் உண்மை இருந்தது: புளிப்பு எதுவும் சேராத மாவில் ஆப்பசோடா வேலையை முழுதாக முடிக்காமல் சவர்க்கார வாடையை விட்டுப்போகும், நிறத்தையும் சீக்கிரம் கருக்கும். பழியிலிருந்து விடுபட்டது ஓவன் மட்டும்தான், அதுவும் தற்காலிகமாக.

பிறகு செய்முறையையே மாற்றினார்கள். பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, உப்பில்லாத வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, அவ்வளவுதான். சோடா, முட்டை, பால் எதுவும் இல்லை. பொருள் குறையக் குறைய, தவறு எங்கே என்று பிள்ளைக்குக் கண்ணில் படும். பின்னத்துக்கும் 1:2:3-ஐவிட நல்ல நுழைவு கிடைக்காது. ஒரு தட்டுக்கு ஒரு மாற்றம் என்ற விதியையும் அப்போதே வைத்துக்கொண்டார்கள். அதை எப்போதும் கடைப்பிடிக்க முடியவில்லை.

வேலைப் பங்கீடும் மாறியது. ஆளுக்கு ஒரு நிமிடம் கிண்டுவது என்ற ஏற்பாடு சண்டையைத்தான் வளர்த்தது. இனி ஒரு முழு வேலை ஒருவருக்கு: நிறுப்பதும் உருட்டுவதும் மகன், கணக்கும் நேரமும் குறிப்பும் மகள், ஓவன் தாய்.

இரண்டாவது தட்டு: 50, 100, 150

சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. மொத்தம் 300 கிராம்; உருண்டைக்கு 25 கிராம் என்றால் 12. வகுத்தல் மகளுடையது.

வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 12 நிமிடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தார்கள். குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வை என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. வெண்ணெயும் சர்க்கரையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் குழைத்து, மைதா சேர்த்து, உருட்டி, ஒரு செ.மீ. கனத்துக்குத் தட்டி, தட்டோடு 30 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, முன்பே 15 நிமிடம் சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் சுட்டார்கள்.

மகன் நிறுக்கும்போது நடந்தவை தனியாகச் சொல்லத்தக்கவை. முதல் உருண்டை 31 கிராம். கொஞ்சம் கிள்ளினான்: 22. சேர்த்தான்: 27. நான்காவது உருண்டையிலிருந்து கிள்ளலின் அளவைக் கை பழகிக்கொண்டது. இரண்டு திருத்தத்துக்குள் 25-ஐத் தொட்டான். வேண்டிய எண்ணுக்கு மேலா கீழா, எவ்வளவு என்று பார்த்துச் சரிசெய்வது ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு நல்ல கழித்தல் பயிற்சி. யாரும் அதைக் கணக்கு என்று சொல்லாததால் அவன் அலுக்கவில்லை.

உருண்டைகளைத் தட்டையாக்கியதும் அவன், “அக்கா, இது இப்ப பெருசாயிருச்சு, நெறைய இருக்கு” என்றான். இந்த வயதில் எதிர்பார்க்கத்தக்க பேச்சு. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடும் என்று சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே களிமண் உருண்டைகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். தாய் தடுத்து, தராசைக் காட்டினார். தட்டையானதை வைத்தார்கள்: 25. மறுபடி உருட்டி வைத்தார்கள்: 25. மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

வெந்து வந்ததும் அவனாகவே ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தான். 22 காட்டியது. “அப்ப 3 எங்க போச்சு?” என்று கேட்டான். நான்கு வாரத்தில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. பதிலை யாரும் உடனே சொல்லவில்லை.

பிஸ்கட் வடிவம் குலையாமல் வந்தது, ஆனால் கல்லாக இருந்தது. தட்டின் பின்வரிசை சிவந்து, முன்வரிசை வெளுத்திருந்தது. கடினத்துக்குக் காரணம் தேடியபோது தெரிந்தது: கணக்கெழுத மகள் திரும்பிய நேரத்தில், மகன் மாவை அப்பத்தா சொல்லித்தந்த சப்பாத்தி முறையில் பத்து நிமிடம் அறைந்து பிசைந்திருக்கிறான். ஓரிடத்தில் சரியாகக் கற்ற கைவேலை இன்னோரிடத்தில் தவறாகிவிட்டது. அவனைக் கண்டிக்க அதில் எதுவுமில்லை.

வாரநாளில் இரண்டு சோதனைகள்

முதலாவது பசைச் சோதனை. மைதா 50 கிராமைத் தண்ணீர் 30 மில்லியில் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கிண்ணத் தண்ணீரில் மெதுவாகக் கசக்கிக் கழுவினார்கள். மாவுச்சத்து பால் போலக் கரைந்து வெளியேற, கையில் ரப்பராக இழுபடும் ஒரு கட்டி மிஞ்சியது. அதுதான் குளூட்டன். தண்ணீரும் பிசைதலும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. சப்பாத்தி கிழியாமல் நிற்க அது வேண்டும். பிஸ்கட் வாயில் உதிர அது குறைவாக இருக்க வேண்டும். இன்னொரு 50 கிராம் மைதாவில் முதலில் 30 கிராம் வெண்ணெயைத் தேய்த்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்த்தபோது கட்டி சேரவே இல்லை, உதிர்ந்து போயிற்று. கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போக முடியாது.

இரண்டாவதை நடத்தியவர் அப்பத்தா. காணாமல்போன 3 கிராமைப் பற்றி மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். 200 கிராம் வெண்ணெயை இரும்புச் சட்டியில் உருக்கினார். “சடசடன்னு சத்தம் கேக்குதா? உள்ள தண்ணி இருக்கு. சத்தம் அடங்குனா தண்ணி போயிருச்சு, நெய்யாயிருச்சு” என்றார். அடங்கியதும் முருங்கைக் கீரை போட்டு இறக்கி, வடித்து நிறுத்தபோது நெய் 160 கிராமை ஒட்டி வந்தது. வெண்ணெயில் நூற்றுக்கு 80-க்குச் சற்று மேல் கொழுப்பு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். மைதாவிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உண்டு. ஓவனில் வெளியேறுவது இந்த இரண்டு ஈரமும்தான். பல்லாண்டாக நெய் காய்ச்சியவரின் காது அறிந்ததை, பிள்ளைகள் தராசில் பார்த்தார்கள்.

மூன்றாவது தட்டு: 12-ஐ 18 ஆக்குவது

பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், 18 வேண்டும் என்று முடிவாயிற்று. மகள் நோட்டில் எழுதினாள்: சர்க்கரை 56, வெண்ணெய் 106, மைதா 156. 12-லிருந்து 18-க்கு 6 கூடுகிறது, ஆகவே ஒவ்வொன்றிலும் 6 கூட்டியிருக்கிறாள்.

விகிதம் கற்கும் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படும் பிழை இது, கவனக்குறைவல்ல. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது. தவறு என்று சொல்லி அடித்துத் திருத்தினால் அந்த ஒரு கணக்கு சரியாகும், அடுத்ததில் மறுபடி வரும். தாய் திருத்தப்போய், நிறுத்திக்கொண்டு, “இதெல்லாம் சேத்தா எத்தன கிராம் மாவு வரும்? அதுல 25 கிராமா எத்தன உருண்டை வரும்?” என்று மட்டும் கேட்டார். கூட்டினாள்: 318. வகுத்தாள்: 12 போக 18 கிராம் மிச்சம். வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆறு கூட்டுனதுக்கு ஒரு பிஸ்கட்கூட முழுசா வரல” என்றாள்.

அடுத்து அவள் போன வழி பெரியவர்கள் எதிர்பார்க்காதது. பெருக்கவில்லை. “இன்னும் பாதி வேணும்” என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் பாதியைச் சேர்த்தாள்: 25, 50, 75. ஆக 75, 150, 225, மொத்தம் 450, 25-ஆல் வகுத்தால் 18. அப்போதுதான் தாய் 1½ மடங்கு என்ற சொல்லைக் கொண்டுவந்தார். பிள்ளை கண்டுபிடித்துவிட்டதற்குப் பெயர் வைப்பது வேறு, பெயரை முதலில் கொடுத்துவிட்டுக் கண்டுபிடி என்பது வேறு. இந்த வரிசையை மாற்றாமல் வைத்திருந்ததே பலன் தந்தது என்பது இந்தப் பதிவின் கருத்து.

ஓவனையும் சோதித்தார்கள். கம்பித்தட்டு முழுதும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் சில நிமிடம் வைத்தால், எங்கே சீக்கிரம் சிவக்கிறதோ அங்கே சூடு அதிகம். பின்பக்க இடது மூலை கருத்தது. அந்த ரொட்டிகளை மகள் நோட்டில் படமாக வரைந்துகொண்டாள். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி, குமிழ் 170-இல் இருக்கும்போது 190 காட்டியது. இனி குமிழை 150-இல் வைப்பது, பாதி நேரத்தில் தட்டைத் திருப்புவது என்று குறித்துக்கொண்டார்கள். பிசைதலும் வெப்பமும் ஒரே தட்டில் மாறின. விதி மீறப்பட்டதை மகளே நோட்டில் குறித்திருக்கிறாள்.

18-ஐ 12, 6 என இரண்டு ஈடாகச் சுட்டார்கள். முதல் ஈட்டை 14 நிமிடத்தில் எடுத்ததும் மகன் ஒன்றை அழுத்தினான், அமுங்கி உடைந்தது. வேகவில்லை, திரும்ப வைக்க வேண்டும் என்றாள் மகள். வைக்கக் கூடாது என்பது தாய்க்குத் தெரியும். ஆனாலும், ஆறை உள்ளே வை, ஆறை வெளியே விடு, 20 நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். வெளியே இருந்தவை ஆறியதும் மொறுமொறுப்பாயின. உள்ளே போனவை கசந்தன. சூடான பிஸ்கட் எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறும்போதுதான் உருகிய சர்க்கரையும் மாவுச்சத்தும் இறுகும், கொழுப்பு ஓரளவு உறையும், கடைசி ஈரமும் வெளியேறும். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிட வேண்டும். இதைக் கற்க ஆறு பிஸ்கட் வீணானது மலிவான விலை.

இரண்டாவது ஈட்டில் ஒரு காயம். தட்டை எடுக்க மகளுக்கு அன்று முதல்முறையாக அனுமதி கொடுத்திருந்தார்கள். அவள் பிடித்தது மேடை துடைத்த ஈரத்துணியால். உலர்ந்த துணியில் அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். ஈரத்துணி உடனே கடத்தும். இரண்டு விரல் சிவந்தது. அப்பத்தா பற்பசை எடுக்க ஓடினார். தாய், “அத்தை, வேண்டாம், தண்ணி மட்டும்” என்று குழாயைத் திறந்தார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கொதித்து வந்தது. மண்பானைத் தண்ணீரைக் குவளை குவளையாக 20 நிமிடம் ஊற்றினார்கள். பனிக்கட்டி வைக்கவில்லை, அது தோலை மேலும் புண்ணாக்கும். கொப்புளம் வரவில்லை. தடித்த கையுறை ஒரு சோடி வாங்கி, ஓவன் பக்கத்தில் தனி ஆணியில் மாட்டப்பட்டது. வேலை நேரம் காலை எட்டு மணிக்கு மாறியது. தொட்டித் தண்ணீரும் குளிர்ந்திருக்கும், வெண்ணெயும் சொன்னபேச்சுக் கேட்கும்.

நான்காவது தட்டு: நெய்

வெண்ணெய்க்குப் பதில் தான் காய்ச்சிய நெய்யில் செய்யலாமே என்றார் அப்பத்தா. 100 கிராம் வெண்ணெய்க்கு எவ்வளவு நெய் என்ற கேள்விக்கு மகள் வாரநாள் சோதனையைத் திருப்பிப் பார்த்தாள்: 200-க்கு 160 என்றால் 100-க்கு 80. இந்த முறை கழிக்கவில்லை, பாதியாக்கினாள். சர்க்கரை 50, நெய் 80, மைதா 150, இரண்டு ஏலக்காய்ப் பொடி. மொத்தம் 280, 25 கிராமாக உருட்டினால் 11-தான் வரும், 5 மிஞ்சும். 12 வேண்டுமென்றால் 23 கிராமாக உருட்ட வேண்டும், 4 மிஞ்சும் என்று அவளே கண்டு தம்பிக்குச் சொன்னாள். அவன் 23-க்கு நிறுத்தான்.

நெய்யில் தண்ணீர் இல்லாததால் குளூட்டன் சேர வழியில்லை. பிஸ்கட் நாக்கில் கரைந்தது. கையில் எடுத்தால் உதிர்ந்தது. அதை அப்பத்தா வேண்டாம் என்று சொல்லாமல் காபியோடு சாப்பிட்டார்.

மைதாவைப் பற்றிய அவர் கேள்விக்கும் அன்று ஒரு பதில் போட்டார்கள். ஒரு பிஸ்கட்டில் சர்க்கரை எவ்வளவு என்று மகள் வகுத்தாள்: 50-ஐ 12-ஆல், 4 கிராமுக்குச் சற்று மேல், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நெய் 7 கிராமுக்கு அருகில். இரண்டு கிண்ணத்தில் அந்த அளவைத் தனியே எடுத்து வைத்துக் காட்டினாள். நாளுக்கு இரண்டு, மீதி டப்பாவில் என்ற முடிவை அதன்பின் பிள்ளைகளே எடுத்தார்கள். மகன் டப்பாவை ஒரு நாளில் மூன்று முறை திறந்து எண்ணினான், எடுக்கவில்லை.

பிறகு தெரிந்தவை

ஜூனில் பள்ளி திறந்தபின் தாய் சில கணக்குகள் கொடுத்துப் பார்த்தார். பண்டம், ஆள், பங்கு என்று சொல்லால் வந்த விகிதக் கணக்குகளை மகள் பெரும்பாலும் சரியாகப் போட்டாள். கூட்டும் பிழை இரண்டு முறைதான் தலைகாட்டியது, இரண்டையும் தானே பிடித்தாள். வெறும் எண்களாக வந்த பின்னங்களில் முன்னேற்றம் குறைவு. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது முன்போலவே வரவில்லை. நான்கு தட்டு பிஸ்கட் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கு அடுப்படியில் ஒருமுறைகூட எழவில்லை. பிறகு தாய் சர்க்கரைக்கு ஒரு கட்டம், வெண்ணெய்க்கு இரண்டு, மைதாவுக்கு மூன்று என்று நோட்டில் வரைந்து, அந்தக் கட்டங்களை வெட்டிக் காட்டி அங்கிருந்து எண்ணுக்குப் போனார். அது மெல்ல நகர்கிறது.

மகன் இப்போது உருண்டையும் தட்டையும் ஒன்று என்கிறான். ஆனால் உயரமான டம்ளரில் ஊற்றிய தண்ணீர் அகலக் கிண்ணத்தில் இருந்ததைவிட அதிகம் என்று இன்னும் சொல்கிறான். இதுவும் இயல்பு, எடையில் பிடிபட்டது கொள்ளளவில் உடனே பிடிபடாது. காத்திருப்பதில் தெரிந்த மாற்றம் அடுப்படிக்கு வெளியிலும் கொஞ்சம் உண்டு என்று தாய் சொல்கிறார். விளையாட்டில் முறை வருவதற்கு அவன் இப்போது எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

கைப்பேசி நேரம் சனிக்கிழமை காலையில் மட்டும் குறைந்தது. மற்ற நாட்களில் மாற்றமில்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

தராசும் வெப்பமானியும் முதல் நாளுக்கு முன்பே வேண்டும். முதல் தட்டின் தோல்வி பயன்பட்டது உண்மைதான். ஆனால் அதில் ஒரே நேரத்தில் நான்கு காரணங்கள் கலந்திருந்ததால் பிரித்தறிய ஒரு வாரமாயிற்று. ஒரே ஒரு காரணம் உள்ள தோல்வியைப் பிள்ளை தானே அவிழ்க்கும்.

ஓவனைத் திறப்பதற்கு முன், என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய் என இரு பிள்ளைகளையும் சொல்லவைத்து எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது தட்டில்தான் இது தொடங்கியது. அதற்கு முன் எழுதியவை எல்லாம் நடந்தபின் சொன்ன விளக்கங்கள். பார்த்தபின் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிடுகிறது.

தட்டை எடுக்க மகளுக்கு அனுமதி கொடுத்த அன்று, ஆறிய வெறுந்தட்டை வைத்து ஒருமுறை எடுக்கப் பழக்கியிருக்கலாம். துணியைத் தொட்டுப் பார்ப்பது அந்தப் பழக்கத்தின் முதல் படியாக இருந்திருக்கும்.

முழு மாவையும் ஒரே ஈடாக வைப்பதற்குப் பதில், மூன்று உருண்டைகளை மட்டும் முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும். 25 கிராம் வீதம் 75 கிராம் மாவுதான் போகும். பரவினால் மீதி மாவை இன்னும் 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைக்கலாம். அப்படியும் பரவினால் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 8 கிராம் அளவு, மைதா சேர்க்கலாம். சீக்கிரம் சிவந்தால் குமிழை 10 டிகிரி இறக்கலாம். ஒரே காலையில் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு முறை கணித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.